மொட்டை மாடி மின்சாரத்துக்கு வருமான வரி உண்டா, இல்லையா?

மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தலைவர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு கோடி வீடுகளில் சோலார் பேனல் ஏற வேண்டும் என்று 2024-இல் மத்திய அரசு திட்டம் கொண்டுவந்தது. 3 கிலோவாட் வைத்தால் ரூ.78,000 மானியம். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியையும் 12 சதவீதத்திலிருந்து 5 ஆக இறக்கினார்கள். மனமார்ந்த நன்றி. ஆனால் மாட்டிய பிறகு எழும் வருமான வரிக் கேள்விக்குத்தான் தெளிவான பதில் இல்லை.

வீட்டுக்குப் போக மிஞ்சிய யூனிட் அடுத்த கரண்ட் பில்லில் கழிந்தால் சிக்கல் இல்லை. செலவு குறைகிறது, அவ்வளவுதான். அதுவே பணமாகக் கைக்கு வந்தால்? ‘இதர வருமானத்தில் காட்டுங்கள்’ என்கிறார் ஒரு ஆடிட்டர். ‘மின்சாரம் விற்கிறீர்கள், அது தொழில் வருமானம்’ என்கிறார் இன்னொருவர். பென்ஷன் மட்டுமே வாங்கும் பெரியவர் ஐடிஆர்-1 என்ற எளிய வரிக் கணக்குப் படிவத்தோடு வேலையை முடித்துக்கொள்கிறவர். தொழில் வருமானம் என்றாகிவிட்டால் அந்தப் படிவமே அவருக்குச் செல்லாது.

எவ்வளவு பணத்துக்காக இந்த அலைச்சல்? 3 கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும்; இரண்டு மாதத்தில் 720. வீட்டுக்கு 500 போனால் மிச்சம் 220. யூனிட்டுக்கு 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு ரூ.3,960. ஆடிட்டர் கட்டணத்துக்கே அது சரியாகிவிடும். வருமானம் என்று பிடிப்பதானால் பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் போட்ட முதலீட்டில் எவ்வளவைக் கழிப்பது? வீட்டுக்கு ஓடியது பாதி, விற்றது பாதி என்று யார் பிரிப்பது?

ஜெர்மனியில் வீட்டுக் கூரையில் 30 கிலோவாட் வரை வைத்தவர்களுக்கு 2022 முதல் இந்த வருமானத்துக்கு வரி இல்லை. பிரிட்டனும் சொந்தத் தேவைக்காக வைத்த சிறு அமைப்புகளுக்கு விலக்குத் தந்திருக்கிறது.

மானியத்திலும் ஒரு பயம் இருக்கிறது. அரசு மானியத்தை வருமானத்தில் சேர்த்து 2015-இல் சட்டம் திருத்தப்பட்டபோது, கேஸ் மானியத்துக்கு அது பொருந்தாது என்று நீங்களே விளக்கம் தந்தீர்கள். சோலார் மானியத்துக்கும் அதே விளக்கத்தைப் பெயர் சொல்லித் தாருங்கள். அதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். வீடுகளில் 10 கிலோவாட் வரை மிச்ச மின்சாரத்துக்கு வரும் பணத்துக்கு முழு விலக்கு வேண்டும். அதற்குச் சட்டத் திருத்தம் தேவை என்பதால், அடுத்த நிதி மசோதாவில் சேர்க்க நிதி அமைச்சகத்துக்குப் பரிந்துரை செய்யுங்கள். அதுவரை எந்தப் படிவத்தில், எந்தத் தலைப்பில் காட்டுவது என்பதையாவது, இந்த ரிட்டர்ன் கெடு முடிவதற்குள், தமிழிலும் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
மாடியில் பேனல் வைத்திருக்கும் வரி செலுத்துநர்