மாடி வீடும் ஆள் கணக்கும்

ஐயா,

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் கீழ்வீட்டில் நாங்கள் இருக்கிறோம், மாடியை வாடகைக்கு விடுகிறோம். என் பென்ஷனோடு அந்த 6,500 ரூபாயும் சேர்ந்தால்தான் மாதம் ஓடும்.

போன வருடம் மூன்று பையன்கள் குடிவந்தார்கள். 'அண்ணாச்சி, அண்ணாச்சி' என்று மரியாதையான பிள்ளைகள். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காலையில் படிக்கட்டில் கிடந்த செருப்புகளை எண்ணினேன். எட்டு ஜோடி! கேட்டால், "தம்பி பரீட்சைக்கு வந்திருக்கான்" என்றார்கள். அந்தப் பரீட்சை முடியவே இல்லை. இருப்பது ஒரு படுக்கையறை, ஒரு கக்கூஸ். 1,000 லிட்டர் மேல்தொட்டியில் காலை ஏழு மணிக்கே குழாயில் காற்றுதான் வரும். தை மாதம் செப்டிக் டேங்க் பொங்கி முற்றத்துக்கு வந்துவிட்டது. லாரியோடு வந்தவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "வீடா அண்ணாச்சி, கல்யாண மண்டபமா?" என்றார்.

காலி பண்ணச் சொல்ல என் கையில் ஒரு தாள்கூட இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. 2019 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கும் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். தெரிந்தும் சோம்பல்தான். வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது என்று அதில் இருக்கிறது. தண்ணீரையும் கரண்டையும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்றும் இருக்கிறது. (மோட்டாரைப் போடாமல் விடலாமா என்று எனக்கும் ஒருநாள் தோன்றியது.) ஆனால் இத்தனை அறைக்கு இத்தனை பேர் என்று அளவு சொல்லவில்லை.

சித்திரையில் பையன்கள் போனார்கள். 'குடும்பத்துக்கு மட்டும்' என்று பலகை மாட்டினேன். கணவன், மனைவி, ஒரு பெண் குழந்தை, பாட்டி என்று நாலு பேரைப் புரோக்கர் கூட்டி வந்தார். புரோக்கர் என் காதில், "எந்த ஆளுகன்னு விசாரிச்சிட்டேன், நமக்குச் சரிப்படாது" என்றார். நானும், "வேறொருத்தருக்குச் சொல்லிட்டோமே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பொடிப்பிள்ளை ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே இறங்கியது. பதினாறு படி.

அமெரிக்காவில் இருக்கும் மகளிடம் போனில் சொன்னேன், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அங்கே இனம், மதம், பிறந்த நாடு பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று 1968-லேயே சட்டம் வந்துவிட்டது. பிள்ளைகள் இருப்பதைச் சொல்லி மறுக்கக் கூடாது என்பதை 1988-இல் சேர்த்தார்கள். ஆள் கணக்கு வைத்துக்கொள்ள மட்டும் தடையில்லை. படுக்கையறைக்கு இரண்டு பேர் என்பது பொதுவாக நியாயமான அளவு என்று 1991-இல் அங்குள்ள வீட்டுவசதித் துறை சொன்னது. அறையின் அளவு, பிள்ளையின் வயது பார்த்து அது கூடும், குறையும். செப்டிக் டேங்க் தாங்குமா என்பதுகூட அந்தக் கணக்கில் வருகிறது! எங்களைப் போல உரிமையாளரும் குடியிருக்கிற, நாலு வீட்டுக்கு மேற்படாத கட்டடங்களுக்குச் சில விலக்கு உண்டு. ஆனாலும் இன்னாருக்கு மட்டும் என்று விளம்பரத்தில் போடக் கூடாது. நம் தெருக்களில் 'சைவம் மட்டும்' பலகைகளை எண்ணிப் பாருங்கள்.

இங்கேயும் அறை, கக்கூஸ், தொட்டி பார்த்து வீட்டுக்கு இத்தனை பேர் என்று அரசு ஓர் அளவு சொல்லட்டும். வாடகை ஒப்பந்தப் படிவத்தில் அதற்கு ஒரு வரி ஒதுக்கட்டும். எங்கள் மாடி இன்னும் காலிதான். பலகையைக் கழற்றிவிட்டு, ஒப்பந்தத் தாளில் 'நான்கு பேர்' என்று எழுதி வைத்திருக்கிறேன். புரோக்கரையும் மாற்றியாயிற்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்துறை ஊழியர்,
பெருமாள்புரம், பாளையங்கோட்டை.