உன் மருமகனின் வான்

மாங்குளம்

அன்பு மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோவு அப்படியேதான் இருக்கிறது. உன் காணி மதில் விஷயம் பிறகு எழுதுகிறேன், அதை எழுத எனக்கு நல்ல மனநிலை வேண்டும். இப்போது எழுதுவது உன் மருமகனைப் பற்றி. போனில் சொன்னால் நீ சிரித்துவிட்டு வைத்துவிடுவாய் என்பதால்தான் கடிதம்.

அவன் வாங்கிய வானைப் படத்தில் பார்த்திருப்பாய். பழைய ஃபோக்ஸ்வாகன் கொம்பி. கட்டில், அடுப்பு, லாச்சி எல்லாம் வைத்து உள்ளே ஒரு வீடே கட்டியிருக்கிறான். ஜெர்மனியில் உங்கள் ஹனோவரில் பிறந்த சாதி. படத்தில் அழகுதான். ஆனால் வருடக்கணக்காக நீர்கொழும்புக் கடற்காற்றில் நின்ற வண்டி என்று படம் சொல்லாது. முல்லைத்தீவுக்குப் போகிறேன் என்று போனவன், ஒட்டுசுட்டானில் பின்பக்கம் டிக் டிக் என்று சத்தம் கேட்கிறது என்று திரும்பி என் கராஜுக்கு வந்தான். முகம் உன் அத்தான், வாய் நீ.

சைலன்சர் எஞ்சின் ஹெட்டோடு சேருகிற இடத்தில், புகை ஒழுகாமல் இடையில் வைக்கிற காஸ்கெட் போயிருந்தது. காஸ்கெட் மாற்றுவது ஒரு வேலையே இல்லை, நட்டைக் கழற்றுவதுதான் வேலை. டீசலும் கியர் ஒயிலும் கலந்து விட்டு, இரவு முழுக்க ஊறட்டும், காலையில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் ஸ்பனரில் நீளப் பைப் ஒன்றைக் கொழுவித் தொங்கிக்கொண்டிருக்கிறான். டக் என்றது. “கழன்றுவிட்டது அங்கிள்” என்றான். கழன்றதுதான், நட்டோடு ஸ்டட்டும், அதுதான் ஹெட்டில் முறுக்கியிருக்கிற மரைக்கம்பி, பாதி சேர்ந்து. அதோடு விட்டானா? அடுத்ததிலும் பைப்பைக் கொழுவினான்.

ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. இரண்டும் சேர்ந்த இடத்தில் உப்பும் ஈரமும் பட்டால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து மரையை இறுக்கிவிடும். அதை ஏமாற்றித்தான் கழற்ற வேண்டும். முதலில் மயிரிழை இறுக்கு, பிறகு தளர்த்து, சுத்தியலால் தட்டு, ஒயில் விடு, திரும்ப இறுக்கு. சூடு காட்டுவதென்றால் ஸ்டட்டுக்கு அல்ல, சுற்றியுள்ள ஹெட்டுக்கு. அதே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அந்தச் சூட்டோடு மெழுகுதிரியைத் தொட்டால் உருகி மரைக்குள் இழுபட்டுப் போகும்.

மெழுகுதிரி யார் பழக்கியது என்று உனக்குத் தெரியும். யுத்தத்தில் வன்னிக்குள் விடாத சாமான்களின் தடைப்பட்டியலில் மெழுகுதிரியும் இருந்த காலத்தில், எங்களுக்கு வேலை பழக்கிய கரடியண்ணை அதைப் பால்மா டின் ஒன்றில் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்திருந்தார். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின, ஒரு போல்ட் வேண்டுமென்றால் இன்னொரு வண்டியிலிருந்துதான் கழற்ற வேண்டும். முறித்துவிட்டு வந்து அவர் முன்னால் நிற்க யாருக்குத் துணிவு இருந்தது? 2002இல் ஏ9 வீதி திறந்து புதுப் போல்ட் பெட்டி பெட்டியாக வந்த பிறகும் அந்தப் பால்மா டின்னை அவர் விடவில்லை. 2009இல் கடைசிச் சண்டையில் மாத்தளன் பக்கம் போகும்போதும் டின் கையில் இருந்தது என்று கண்டவர்கள் சொன்னார்கள். அவரைப் பற்றி எழுத நினைக்கவில்லை மச்சான், கை தானாகப் போகிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். ஒரு ஸ்டட் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் நட் ஒன்றை வைத்து உள்ளே நிரப்பி வெல்ட் பண்ணினோம். ஆறவிட்டு ஸ்பனர் வைத்ததும், முனகிக்கொண்டு முழுதாக வந்துவிட்டது. மற்றது ஹெட்டோடு மட்டமாக முறிந்து கிடக்கிறது. அதை நடுவில் பஞ்ச் அடித்துச் சின்ன டிரில்லால் துளைக்கத் தொடங்கினேன். இரும்பு கடினம், அலுமினியம் மெது. டிரில் எப்போதும் மெதுவான பக்கம் நழுவப் பார்க்கும். வருகிற சீவலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கருமையாக வந்தது. ஒரு இடத்தில் பளிச்சென்று வெள்ளைத் துணுக்கு ஒன்று வந்ததும் நிறுத்திவிட்டேன். உன் மருமகன், துளைக்குள் விட்டு முறிந்த ஸ்டட்டைத் திருகி எடுக்கிற ஈஸி அவுட் போடுவோம் என்று வீடியோ காட்டுகிறான். அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் எதுவும் அதில் ஏறாது, பிறகு ஹெட்டையே இறக்க வேண்டும் என்றேன். வீடியோக்காரனுக்கு முறியவில்லையாம்.

எனக்கு உண்மையான பயம் வேறு. ஹெட்டில் புகை வெளியேறுகிற ஒரு வாய்க்கு இரண்டு ஸ்டட்தான். “ஒன்று போதும் அங்கிள், பூட்டித் தாங்கோ” என்று நிற்கிறான். ஒன்றில் பூட்டினால் காஸ்கெட் திரும்பவும் போகும், புகை ஒழுகும். இரவில் ஃபான் ஓடப் பற்றரிக்குச் சார்ஜ் வேண்டுமென்று எஞ்சினை ஓடவிட்டே படுப்பதும் உண்டாம்! எஞ்சின் கட்டிலுக்குக் கீழே. அந்தப் புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை, நித்திரையில் இருப்பவனை எழுப்பாது. சொன்னேன், தலையாட்டினான். தலையாட்டல் உன்னுடையது, அதனால் நம்பவில்லை. வான் திறப்பு என் அலுமாரியில் இருக்கிறது. அக்காவிடம் சொல்லிவிடாதே, பயந்து அழுவா. நீயே அவனுக்கு எடுத்துச் சொல்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அங்கிருந்து வருகிற யாரிடமாவது சாமான் குடுத்துவிடு. இடக்கைப் பக்கம் சுற்றுகிற டிரில் பிட், சின்னதிலிருந்து ஒரு செட். துளைக்கும்போதே சிலவேளை பிடித்துக்கொண்டு ஸ்டட் தானாகக் கழன்று வரும். வராவிட்டால் துளையைப் பெருப்பித்துப் புது மரை போட ஹெலிகொயில் செட் ஒன்று. ஸ்டட் எட்டும் வேண்டும், முறியாததையும் மாற்றிவிடப் போகிறேன். செப்புப் பூசிய நட், சைலன்சர் காஸ்கெட், மரையில் பூசுகிற செப்புப் பசை. காசு அவனிடம் வாங்கு, என்னிடம் கேட்காதே.

ஸ்டட் 8 மில்லிமீற்றர், மரையின் இடைவெளி, அதுதான் பிட்ச், 1.25. எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போ. போன முறை நீ அனுப்பிய பிரேக் ரப்பர் வன்னியில் எந்த வண்டிக்கும் பொருந்தவில்லை, கடைசியில் மச்சினன் அதைத் தண்ணி மோட்டருக்குப் போட்டுவிட்டான்.

உன்,
மாங்குளத்தான்