நமது ஓட்டுநர் சங்கத்தின் 2024-25ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், லோடு இறக்கிய கையோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சந்தா, ஆயுத பூஜை, வரவு செலவு எல்லாம் பொருளாளர் படிப்பார். இந்த ஆண்டு நான் அதிகம் பேச்சு வாங்கிய ஒரு செலவைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்: பி.பி. மெஷினும், அதற்குத் தனியாக வாங்கிய, கையில் சுற்றிக் காற்றடிக்கும் பெரிய பட்டையும்.

முதல் மருத்துவ முகாமில் நடந்ததைப் பார்த்தீர்கள். புதுவயல் ரைஸ்மில் லோடு ஓட்டும் நம் அண்ணன் ஒருவர் கையை நீட்டினார். பட்டை சுற்றி வந்து ஒட்டவில்லை. நர்ஸம்மா இழுத்துப் பிடித்துக் காற்றடிக்க, பாதியில் படாரென்று பிய்த்துக்கொண்டது. எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுப் போனவர், அடுத்த முகாமுக்கு வரவே இல்லை. தடித்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்று டாக்டர் அப்புறம் சொன்னார். பெரிய பட்டை வந்ததும் வீட்டுக்கே போய் அழைத்து வந்தோம். டீ, பீடி அரை மணி நேரம் கிடையாது. ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்தார். அப்படியும் 164/102. 140/90-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டிய கணக்கு.

மற்றபடி யாருக்கு எவ்வளவு என்பது இந்த அறிக்கையில் இல்லை. உரிமம் புதுப்பிக்க 1ஏ படிவத்தில் டாக்டர் கையெழுத்து வேண்டும், பி.பி. என்று தெரிந்தால் முதலாளி வண்டி தரமாட்டார் என்று ஆளாளுக்குப் பயம். பி.பி. அளவு எழுதிய நோட்டு என் மேசையில் பூட்டியிருக்கிறது. தலைவர் கேட்டும் தரவில்லை, மன்னிக்கவும்.

இடுப்பைத் தையல் டேப்பால் அளந்தோம். ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாதாம், சரி, அதை விடுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு நாலு பரோட்டா, சால்னா, உடனே ஸ்டியரிங். வீட்டுக்கு வந்தால் அப்பளம், ஊறுகாய், கருவாடு. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் என்கிறார்கள். செட்டிநாட்டுச் சமையலைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தைப்பூசத்துக்கு நகரத்தார் பழனிக்கு நடந்தார்கள்; நாம் அவர்கள் மூட்டை முடிச்சை வேனில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தே போய்ச் சேர்ந்தோம்.

குறட்டை விடுவீர்களா என்று கேட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை. டாக்டர் கிளீனர்களைக் கேட்டார், உண்மை வந்துவிட்டது. குறட்டையோடு பகலில் கண்ணும் சொக்கினால் தனியாகப் பரிசோதிக்க வேண்டுமாம். பி.பி. ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

2021-இல் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் மாத்திரை அலமாரியில் இருக்கும், ஆள் ஓசூரில் இருப்பார். சிலர் லைனில் அடிக்கடி வண்டியை நிறுத்த வேண்டியிருக்கிறது என்று நீர் பிரியும் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் நேரத்தையோ மருந்தையோ மாற்றித் தருவார். கேபினில் ஆர்.சி. வைக்கும் இடத்திலேயே ஒரு மாத்திரை அட்டையை வையுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு ஓர் எடை மெஷின் வாங்க அனுமதி கேட்கிறேன். வீட்டு மெஷின் நம்மில் சிலருக்குப் போதாது. ரைஸ்மில் தராசில் ஏறி நிற்கலாம் என்றால், மூட்டை தூக்குகிறவர்கள் எடையைச் சத்தமாகப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்