ஏழாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு: கிரேக்க வீரர் கதைகள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் திங்கள் முதல் ஆறு பாடவேளைகள் கிரேக்கப் புராணம் நடத்துகிறோம். சினிமா பேசும்போது வாய்க்கு வரும் ‘ஹீரோ’ கிரேக்கச் சொல்தான். ஆனால் அங்கே அதற்கு நல்லவன் என்று பொருளில்லை. செத்தபின் கல்லறையில் படையலிட்டுக் கும்பிடப்பட்டவன். நம் நடுகல்லை நினைத்தால் பாதி புரியும்.

முதல் மூன்று வேளை கிரேக்கரின் பெருவீரன் ஹெராக்ளிஸ். அவனுக்கு இடப்பட்ட 12 வேலைகளையும் மனப்பாடம் செய்யவைக்காதீர்கள். பட்டியல் நிற்கும், காரணம் நழுவிவிடும். பித்துப் பிடித்துத் தன் பிள்ளைகளையே கொன்றதற்குப் பரிகாரம் அவை. இதை வகுப்பில் ஒரே வரியில் சொல்வோம். விவரிக்க மாட்டோம், மறைக்கவும் மாட்டோம்.

பல தலைப் பாம்பான ஹைட்ராவைக் கொன்ற வேலைக்குத்தான் நேரம் அதிகம். ஒரு தலையை வெட்டினால் இரண்டு முளைக்கும். வெட்டிய இடத்தை உடன்பிறந்தான் மகன் இயோலாஸ் கொள்ளிக்கட்டையால் பொசுக்கப் பொசுக்கத்தான் முளைப்பது நின்றது. துணையோடு செய்ததால் செல்லாது என்றுவிட்டான் வேலைகளை ஏவிய மன்னன் யூரிஸ்தியஸ். ஆற்றைத் திருப்பித் தொழுவம் கழுவிய வேலையும் கூலி பேசியதால் தள்ளுபடி. பத்து வேலை பன்னிரண்டானது இப்படித்தான். உதவி வாங்கினால் வீரம் குறையுமா என்று வீட்டில் கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

நோட்டில் மூன்று பத்தி: செய்தது, ஏன், யாருக்கு இழப்பு. பிள்ளைகள் காலியாக விடுவது மூன்றாவதைத்தான். ‘பீமன் பெரியவனா, ஹெராக்ளிஸா?’ என்ற சண்டை கிளம்பினால் மணி அடிக்கும்வரை ஓயாது. அதற்கு ஐந்து நிமிடம் மட்டும்.

மிச்ச மூன்று வேளை, டிராய்ப் போரைப் பாடும் கிரேக்கக் காப்பியம் இலியட். 24 காண்டங்களில் இரண்டே எடுக்கிறோம். இருபத்துநான்காவதில், மகன் ஹெக்டரைக் கொன்ற அக்கிலிஸின் கையையே முத்தமிட்டு, பிணத்தைத் தரும்படி கெஞ்சுகிறார் டிராய் மன்னர், கிழவர் பிரயாம். ஆறாவதில், போருக்குப் புறப்பட்ட ஹெக்டரின் தலைக்கவசத்தில் ஆடும் குதிரைமயிர்க் கொண்டையைப் பார்த்து அவனுடைய கைக்குழந்தை அலறுகிறது. அவன் சிரித்துக்கொண்டே கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குகிறான்.

இந்தக் காட்சியை நடிக்க ஆளுக்கொரு தலைக்கவசம் வேண்டும். தலைச்சுற்றளவை நூலால் அளந்து 2 அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். சார்ட் பேப்பர் கொண்டையின் பாரத்துக்கு மடங்கும். பழைய அட்டைப்பெட்டி நல்லது. உள்வரிகள் செங்குத்தாக இருக்கும்படி வெட்டினால் ஒடியாமல் வளையும். கொண்டைக்குத் தேங்காய் நார் போதும். ஸ்டேப்ளர் பின்னின் முனை வெளியே இருக்கட்டும், மேலே டேப் ஒட்டுங்கள்; உள்ளே இருந்தால் நெற்றியைக் கீறும். தாடைக்கு நாடா கட்ட வேண்டாம், ஒரே கையால் கழற்ற வரவேண்டும்.

வாள் கொடுத்து அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்