அந்நியரின் கூலியும் வேதாகமத்தின் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிழைப்புத் தேடி வேறு நாட்டில் குடியேறுகிறவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல்கள் கேட்கின்றன. அவர்கள் நாட்டுக்குச் சுமை என்பது ஒன்று. அவர்கள்மேல் இரக்கம் காட்டுங்கள் என்பது மற்றொன்று. என்னைப் போன்ற கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் இரண்டாவது பக்கம் நிற்கிறோம். ஆயினும் இரு சாராருமே அவர்களை நம்மிடம் வாங்குகிறவர்களாகவே பார்க்கிறோம். வேதாகமம் அப்படிப் பார்க்கவில்லை என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ரூத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். மோவாப் தேசத்துப் பெண்ணுக்குப் பெத்லகேம் ஊரானாகிய போவாஸ் காட்டிய தயவு என்றே அது பிரசங்கிக்கப்படுகிறது. அந்தத் தயவு உண்மைதான். ஆனால் காலையில் வயலில் இறங்கியவள், சற்று நேரம் இளைப்பாறியது தவிர, சாயங்காலம்வரை கதிர் பொறுக்கினாள். பொறுக்கியதைத் தட்டி அடித்தபோது ஏறக்குறைய ஓர் எப்பா அளவு, அதாவது சுமார் 22 லிட்டர் வாற்கோதுமை தேறியது. மதியம் உண்டதுபோக மீந்த வறுத்த தானியத்தையும் எடுத்துவைத்து மாமியாரிடம் கொடுத்தாள். அதை வாங்கி உண்ட நகோமி யார்? அந்த ஊருக்கே உரியவள், கணவனையும் இரண்டு மகன்களையும் இழந்த முதியவள். சொந்த ஊரில் ஆதரவற்றிருந்த ஒருத்திக்கு அந்நியப் பெண்ணின் உழைப்பே சோறு போட்டது. 2022-ஆம் ஆண்டுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டின்படி உலகில் 16.77 கோடிப் புலம்பெயர்ந்தோர் உழைப்புச் சந்தையில் இருந்தனர். அவர்களில் வேலையிலிருந்த பெண்களில் 28.8 சதவீதத்தினர் முதியோர், நோயாளிகள், குழந்தைகள் ஆகியோரைக் கவனிப்பது போன்ற பராமரிப்புப் பணிகளில் இருந்தனர். புலம்பெயராத பெண்களில் இவ்விகிதம் 19.2 சதவீதமே. இந்த எண்களைப் படித்தபோது எனக்கு நகோமியின் வீடுதான் நினைவுக்கு வந்தது.

அந்நிய தேசத்தில் தன் தாய்மாமன் லாபானின் மந்தையை மேய்த்த யாக்கோபு, அவனிடம் பேசிய பேச்சு இன்னும் வெளிப்படையானது. நான் வருமுன் உமக்கு இருந்தது கொஞ்சம், இப்போது அது மிகவும் பெருகியிருக்கிறது என்று அவன் சொல்கிறான். அவன் நிமித்தமாகவே தனக்கு ஆசீர்வாதம் வந்ததென்று லாபானும் முன்பே ஒப்புக்கொண்டிருந்தான். ஒப்புக்கொண்ட அதே லாபான்தான் பத்துமுறை கூலியை மாற்றினான், காட்டுமிருகம் பீறிய ஆட்டுக்கும் யாக்கோபையே ஈடுகட்ட வைத்தான். பகலில் வெயிலும் இரவில் குளிருமாக இருபது வருடம் உழைத்ததைச் சொல்லும் அந்த வசனங்களை, வந்திறங்கியபின் ஒப்பந்தம் மாற்றப்பட்ட, பாஸ்போர்ட்டை முதலாளியிடம் பறிகொடுத்த, காரணம் சொல்லாமல் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்ட ஒரு தொழிலாளி படித்தால், அவருக்கு விளக்கவுரை தேவைப்படாது.

யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில், எகிப்தில் குடியிருந்த இஸ்ரவேலரைக் குறித்து அந்நாட்டு அரசனாகிய பார்வோனுக்கு வந்த பயமும் கவனிக்கத்தக்கது. இந்த ஜனங்கள் பெருகிவிட்டார்கள் என்று அஞ்சுகிறான். அதே மூச்சில், இவர்கள் தேசத்தைவிட்டுப் போய்விடுவார்களோ என்றும் அஞ்சுகிறான். ஆகாதவர்கள் என்றால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். பித்தோம், ராமசேஸ் என்னும் பட்டணங்களைக் கட்ட அவர்களுடைய கைகள் வேண்டியிருந்தன.

வெளியாட்கள் வந்தால் உள்ளூர்க்காரரின் கூலி குறையும் என்ற அச்சத்தை நான் இகழவில்லை. அன்றாடக் கூலியை நம்பி வாழ்கிறவருக்கு அது நியாயமான அச்சம். 1980-இல் கியூபாவிலிருந்து ஏறத்தாழ 1,25,000 பேர் கடல்வழியே அமெரிக்கா சென்றனர். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மயாமியில் நிலையாகக் குடியேறினர். அங்கே குறைந்த திறன் கொண்ட பிற தொழிலாளரின் கூலியில் ஏறக்குறைய எந்தப் பாதிப்பும் இல்லை என்று பொருளாதார அறிஞர் டேவிட் கார்ட் 1990-இல் எழுதினார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களின் கூலி குறைந்தது என்று சொல்லி, மற்றொரு பொருளாதார அறிஞரான ஜார்ஜ் போர்ஹாஸ் பின்னர் அதை மறுத்தார். வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அந்நியனை மலிவாகவும் வாய்பேச முடியாதவனாகவும் வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுத்தால், பக்கத்தில் நிற்கும் உள்ளூர்த் தொழிலாளியின் பேரமும் சரிந்துவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உபாகமம் 24-ஆம் அதிகாரம், ஒடுக்கப்படக்கூடாத ஏழைக் கூலிக்காரன் என்று சகோதரனையும் அந்நியனையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்வது இதனால்தான் என்று நான் கருதுகிறேன். இருவருக்கும் கூலி ஒரே கெடுவுக்குள் கொடுக்கப்படவேண்டும்: வேலை செய்த அன்றே, பொழுது சாயுமுன்.

ஆகவே திருச்சபைகளுக்கு என் வேண்டுகோள் இது: புலம்பெயர்ந்தோருக்கு உடையும் உணவும் வழங்குவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கு வரவேண்டிய சம்பளப் பாக்கி எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதைப் பெற்றுத்தர அவர்களோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு நடந்து செல்லுங்கள். அவர்களை வேலைக்கு அமர்த்தியிருப்பவர் நம் சபையின் முன்வரிசையில் அமர்கிறவராகவே இருந்தாலும் அப்படிச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்