மீட்டர மட்டும் மாத்தினா போதாது: கட்டட அனுமதியிலயே கரண்ட் கணக்கு பாக்கச் சொல்லி ஒரு கோரிக்கை மனு

பெறுநர்: எரிசக்தித் துறை செயலாளர் அவர்கள்

பொருள்: வேகமா வளர்ற நகரங்களுக்கான ஸ்மார்ட் மின் மேலாண்மைக் கொள்கையில கட்டட விதிகளையும் சேர்ப்பது சம்பந்தமா

ஐயா/அம்மா, வணக்கம்.

ஸ்மார்ட்னு பேர் வெச்சு வர்ற திட்டமெல்லாம் கடைசில மீட்டர் டெண்டர்லதான் வந்து நிக்குது. மீட்டர் வேணாம்னு நாங்க சொல்லல, எந்த ஃபீடர்ல (ஏரியாவுக்கு கரண்ட் கொண்டு வர்ற லைன்) கரண்ட் திருட்டு, எந்த டிரான்ஸ்பார்மர் ஓவர்லோடுல திணறுதுனு உடனுக்குடன் தெரிஞ்சா நல்லதுதான், ஆனா மீட்டர் அளந்து சொல்லுமே தவிர லோட தானா குறைச்சுக் குடுக்காது.

இப்ப பிரச்சனையே பொழுது சாய்ஞ்சதுக்கு அப்புறம்தான். சோலார் உற்பத்தி விழுற அதே நேரத்துல ஏசி இருக்க வீட்லயெல்லாம் அது ஓட ஆரம்பிக்குது, பகல் முழுக்க வெயில் குடிச்ச கான்க்ரீட் கூரை ராத்திரி பூரா சூட்ட உள்ள விடுது, ஏசியும் நிக்காம ஓடுது. சர்வதேச எரிசக்தி முகமை 2018ல சொன்ன கணக்குப்படி உலகத்துல அப்ப இருந்த 160 கோடி ஏசி 2050ல 560 கோடி ஆகும், அதுல பெரும்பங்கு வளரும் நாடுகள்லதான் சேரப்போகுது. இன்னிக்கு அப்ரூவல் வாங்குற அபார்ட்மென்ட் 2050லயும் நின்னுட்டுதான் இருக்கும். கண்ணாடியால மூடி மேற்கு வெயில பாக்க வெச்சு கட்டிட்டா அப்புறம் எந்த ஆப் வெச்சும் ஒண்ணும் பண்ண முடியாது.

அதனால முதல் கோரிக்கை, கூரைக்கு வெயில் திருப்புற வெள்ளைப் பூச்சு, ஜன்னலுக்கு நிழல், சோலார் வைக்க இடம், இதெல்லாம் இல்லாம பெரிய கட்டடம் எதுக்கும் பிளான் அப்ரூவல் தராதீங்க. பேப்பர்ல மட்டும் இருந்தா பிரயோஜனமில்ல, கட்டி முடிச்சதும் நேர்ல பாத்துட்டு அப்புறம் கனெக்‌ஷன் குடுங்க (இந்த எடத்துலதான் எல்லாம் கோட்டை விடுறோம்). பணக்கார நாட்டுக்குத்தான் இதெல்லாம் கட்டுப்படியாகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, தென்னாப்பிரிக்கா 2011லயே புதுக் கட்டடத்துல சுடுதண்ணிக்கான தேவையில பாதியாவது சாதா கரண்ட் ஹீட்டர் இல்லாத வழியில வரணும்னு விதி போட்டுச்சு.

அடுத்தது கரண்ட்ல ஓடுற வீட்டு சாமான். கானா 2013ல பழைய பிரிட்ஜ் இறக்குமதிய தடை பண்ணுச்சு, இந்தியா 2020ல இருந்து புது ரூம் ஏசிங்க ஆன் பண்ணதும் 24 டிகிரில நிக்கணும்னு கொண்டு வந்துச்சு. இந்த மாதிரி பெரிய செலவில்லாத விதிகள நம்ம துறையும் கொண்டு வரலாம்.

நேரத்துக்கு ஏத்த கட்டணம் வரட்டும், பகல்ல கம்மி, பீக் ஹவர்ல ஜாஸ்தி. மோட்டார், வாஷிங் மிஷின், வண்டி சார்ஜ் போடுறவங்க நேரம் மாத்திக்குவாங்க, ஆனா ஒரு ஃபேனும் ரெண்டு லைட்டும் மட்டும் வெச்சிருக்கவங்க எதை எந்த நேரத்துக்கு மாத்துவாங்க சொல்லுங்க? குறைஞ்ச யூனிட் வீடுகளுக்கு பீக் கட்டணம் வேண்டவே வேண்டாம், பிரீபெய்டு மீட்டர்ல காசு தீந்ததும் நடுராத்திரில கட் பண்றதும் கூடாது.

கடைசியா, டிரான்ஸ்பார்மர் வாரியா லோடு, பவர் கட் நேரம் ரெண்டையும் மாசாமாசம் வெளியிடுங்க, ஆனா வீட்டு வாரியா டேட்டா வெளிய போகவே கூடாது, யார் எப்ப வீட்ல இல்லங்குறது அதுல தெரிஞ்சுரும்.

புது டெண்டர் விடுறதுக்கு முன்னாடி இந்தக் கோரிக்கைகள்ல எதை ஏத்துக்குறீங்க, எதை ஏன் ஏத்துக்கலனு எழுத்துல பதில் தரும்படி கேட்டுக்குறோம்.

இப்படிக்கு,
நகர மின் நுகர்வோர்