அந்த எட்டாவது இலையை எடுத்துவிடாதீர்கள்: நாடக விழா ஏற்பாட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற மாதம் திருகோணமலை நகரில் நீங்கள் மேடையேற்றிய குடும்ப நாடகத்தை அடுத்ததாக மூதூரில் போடவிருக்கிறீர்கள் என்றும், அதற்கு முன் சாப்பாட்டுக் காட்சியை நீக்கிவிடும்படி நாடகக் குழுவினரிடம் கேட்டிருக்கிறீர்கள் என்றும் அறிந்தேன். அந்தக் காட்சியில் சனம் சிரித்தது, பலர் எழுந்து போனார்கள், ஒரு தாய் அழுதபடி வெளியேறினார் என்பவை நீங்கள் சொல்லும் காரணங்கள். மூன்றும் நடந்தவைதான், நானும் அன்று மண்டபத்தில் இருந்தேன். ஆனால் அவற்றுக்கு நீங்கள் கொண்ட பொருளோடு என்னால் உடன்பட முடியவில்லை. முடிவு இன்னும் உறுதியாகவில்லை என்பதால், ஊரில் எல்லாரும் படிக்கும்படியாகவே இதை எழுதுகிறேன்.

நாடகத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். தகப்பனின் ஆண்டுத் திவசத்துக்குப் பிள்ளைகள் ஊருக்கு வந்து கூடுகிறார்கள். காணி உறுதிப் பத்திரம் தகப்பனின் பெயரிலேயே கிடப்பதால், வந்த கையோடு காணியைப் பிரித்து எழுதிவிட வேண்டும் என்பது மூத்தவனின் அவசரம். கடைசி மகன் யுத்த காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டவன். அவனுக்கு மரணச் சான்றிதழ் எடுத்தால் வேலை சுலபம் என்கிறான் கனடாவிலிருந்து வந்த மூத்தவன். 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இறந்தவர் என்று எழுதாமல் காணாமற்போனவர் என்றே சான்றிதழ் பெறலாமே என்கிறாள் கொழும்பிலிருந்து வந்த மகள். தாய் இரண்டு பேருக்கும் பதில் சொல்லாமல் இலை போட எழும்புகிறாள்.

சர்ச்சைக்குரிய காட்சி இங்கேதான் தொடங்குகிறது. மருமகள் ஆட்களை எண்ணி ஏழு இலை போடுகிறாள். தாய் எட்டாவது இலையை எடுத்துத் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் வழித்துவிட்டு, வாசற்பக்கமாக விரிக்கிறாள். ‘இது ஆருக்கு மாமி?’ என்று மருமகள் கேட்கிறாள். ‘சின்னவனுக்கு. அவன் எப்ப நேரத்துக்குச் சாப்பிட வந்தவன்? பிந்தித்தான் வருவான்’ என்கிறாள் தாய், கோபித்துக்கொள்ளும் குரலில். மண்டபம் கொல்லென்று சிரித்தது. தாய் சோறு போட்டு, பருப்பு ஊற்றி, அப்பளத்தை நொறுங்காமல் இலையின் ஓரத்தில் வைக்கும் வரைக்கும் அந்தச் சிரிப்பு நீடித்தது. முன்வரிசைகளில் முதலில் அடங்கியது; பின்வரிசைகளில் சற்றுப் பிந்தி அடங்கியது. மின்விசிறிகளின் இரைச்சலில் மேடையின் குரல் பின்னுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதையும், முன்னால் இருப்பவர்கள் சிரிப்பதைக் கேட்டே பலர் சிரித்தார்கள் என்பதையும், நடுவில் இருந்த எவரும் கவனித்திருப்பார்கள்.

அந்தச் சிரிப்பைத் தாயை ஏளனம் செய்த சிரிப்பு என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, வரிசைப்படுத்தும்போது நகையை முதலிலும் அழுகையை அதற்கு அடுத்தும் வைக்கிறது. நகை பிறக்கும் இடங்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காகச் சொல்கிறது. நான்கில் ஒன்றுதான் ஏளனம். மடன் என்பது கொண்டதை விடாத பிடிவாதம்; அதுவும் அந்த நான்கிலேயே அடங்கும். சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேராத ஒரு பிள்ளை இல்லாத வீடு நம்மூரில் எது? அந்தத் தாயின் பேச்சில் தங்கள் வீட்டுத் தாயின் பேச்சைக் கேட்டதால் சனம் சிரித்தது. சிரித்த பிறகுதான் அந்தப் பிள்ளை எங்கே என்பது நினைவுக்கு வந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த இளைஞர் சிரிக்கத் திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டார். காட்சி முடியும் வரை அந்தக் கை இறங்கவில்லை. எழுதியவரும் நடித்தவரும் பார்வையாளரிடமிருந்து பெற விரும்பியது இதைத்தான் என்றே நம்புகிறேன். சிரிப்பை நிறுத்துவதற்காகக் காட்சியை நீக்கினால், அதற்குப் பிறகு வந்த அந்த அமைதியும் சேர்ந்தே போய்விடும்.

ஒரு குறையை நாடகக் குழுவினருக்கும் சொல்ல வேண்டும். காணியைக் காலடியால் அளந்து பேர்ச் என்ற நில அளவில் கணக்குச் சொல்லும் சித்தப்பா பாத்திரத்துக்கு முதல் தடவை கைதட்டல் கிடைத்ததும், அதே நடையை அவர் மறுபடியும் மறுபடியும் நடந்து காட்டினார். முதல் அரைமணி நேரம் முழுக்கச் சிரிப்பதற்கே பழக்கப்பட்ட சபை, இலைக் காட்சியிலும் சிரிப்பை எதிர்பார்த்து இருந்ததில் வியப்பில்லை. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அந்த நடையில் வெட்டுங்கள்.

எழுந்து போனவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாலை ஐந்தரைக்கு என்று அழைப்பிதழில் போட்ட நாடகம், விருந்தினர் வரவு, மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, பொன்னாடை எல்லாம் கழிந்து ஏழு மணிக்குப் பிறகே தொடங்கியது. கிண்ணியாவுக்கும் தம்பலகாமத்துக்கும் போக வேண்டியவர்கள் கடைசி பஸ்ஸை விட்டால் முச்சக்கரவண்டிக்குக் காசு தேட வேண்டும். அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, மேடையை மறைக்காமல் குனிந்து போனார்கள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டே செருப்பு மாட்டியவர்களை நான் கண்டேன். இதை நாடகத்துக்கு எழுந்த எதிர்ப்பாகக் கணக்கில் எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அழுதபடி வெளியேறிய தாயின் விடயம் வேறு; இங்கே உங்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. அவர் ஏன் அழுதார் என்று யாரும் கேட்கவில்லை, கேட்பதும் முறையல்ல. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு 2017 முதல் இந்த நகரின் வீதியோரத்தில் தாய்மார் அமர்ந்திருந்ததைப் பார்த்துப் பழகிய ஊர் இது. அப்படிப்பட்ட ஒருவரை, எதுவும் சொல்லாமல் கூட்டிவந்து இருட்டில் இருத்தி, அவருடைய வீட்டையே மேடையில் காட்டுவது பெரிய பொறுப்பு. கதை எதைப் பற்றியது என்பதை அழைப்பிதழிலும் தொடக்க அறிவிப்பிலும் சொல்லியிருக்க வேண்டும். வெளியே வந்தவருக்கு ஒரு கதிரையும் தண்ணீரும் பக்கத்தில் இருக்க ஒரு பெண்ணும் வாசலில் இருந்திருக்க வேண்டும். இவை எதுவும் அன்று இல்லை. குறை அங்கே இருக்க, காட்சியை எடுத்துவிடுவது அதற்குப் பரிகாரமாகாது. தன் பிள்ளைக்கு ஒரு தாய் இலை போடுவதைப் பார்த்து அழுவதற்கு ஒரு பொது இடம் கிடைப்பதைத் தீங்கு என்று நாமாகவே முடிவு செய்யக்கூடாது.

மூதூரில் இந்தப் பொறுப்பு இன்னும் கூடுகிறது. 2006இல் சம்பூர்ப் பக்கத்துத் தமிழர்களும் மூதூர் முஸ்லிம்களும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரை விட்டு ஓடினார்கள். சம்பூர் மக்களில் பலர் தங்கள் காணிக்குத் திரும்ப ஏறத்தாழ பத்து ஆண்டுகள் எடுத்தன. காணி, உறுதி, கையெழுத்து, காணாமற்போன ஒருவருடைய பங்கு என்பவை அங்கே இருக்கும் சபைக்குக் கதையல்ல, சொந்தக் கணக்கு. ஆகவே வெட்டுவதா விடுவதா என்ற கேள்வியை உங்கள் கூட்டத்துக்குள் வைத்து முடிக்காமல், அங்குள்ள தாய்மார் சிலரை ஒத்திகைக்கு அழைத்து, பார்த்த பிறகு அவர்களிடமே கேளுங்கள். இந்தக் காட்சி வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் நானும் ஏற்றுக்கொள்கிறேன். அவர்களுக்காக என்று சொல்லி அவர்களைக் கேளாமல் வெட்டுவதைத்தான் ஏற்க முடியாது.

இன்னொன்றும் செய்யுங்கள். கூத்து ஆடிய வட்டக்களரியில் சனம் சுற்றிவர இருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே பார்த்தது; ஆட்டம் பிசகினால் அங்கேயே சொன்னது, நன்றாக இருந்தால் அங்கேயே மெச்சியது. சபை ஒரு பக்கம் மட்டும் இருந்து பார்க்கும் படச்சட்ட மேடைக்கு வந்த பிறகு நமக்குக் கைதட்டல் ஒன்றே மிஞ்சியிருக்கிறது. அன்றும் திரை விழுந்த உடனேயே நன்றியுரை, குழுப்படம் என்று முடித்துவிட்டீர்கள். மூதூரில் உரைகளை இரண்டாகக் குறைத்து நேரத்துக்குத் தொடங்கி, நாடகம் முடிந்ததும் ஓர் இருபது நிமிடத்தைச் சபைக்குக் கொடுங்கள். நாடகமும் அரங்கியலும் பாடமாகப் படிக்கும் உயர்தர வகுப்பு மாணவர்கள் அன்று முன்னால் இருந்து குறிப்பெடுத்தார்கள். ஆசிரியர்களின் துணையோடு அவர்களே அந்த உரையாடலை நடத்துவார்கள். சிரித்தவர் ஏன் சிரித்தார் என்பதை அவர் வாயாலேயே சொல்லட்டும். நான் இங்கே எழுதியது பிழையென்றால் அதையும் அங்கே கேட்டுக்கொள்வேன்.

ஒத்திகைக்குத் தாய்மாரை அழைத்துவருவதற்கான போக்குவரத்துச் செலவை ஏற்க நகரில் சிலர் ஆயத்தமாக இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவர். இந்த மடலுக்கான உங்கள் பதிலை, மூதூர் அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
அன்று சபையில் இருந்த ஒருவர்
திருகோணமலை